அலுமாரிக்கு நாற்பது

பாக்கியரத்தினம் போய்விட்டார் என்ற செய்தி வந்த நேரத்தில் கலீலுர் றஹ்மான் ஓர் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்கள் தங்கள் தங்கள் கடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். மத்திய வீதியில் இருந்த கலீலின் தளபாடக் கடைக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. அங்கே தகரக் கூரையின் கீழ், கதவுகளை ஆவென்று திறந்தபடி அலுமாரிகள் வரிசையாக நிற்கும். முந்தின நாள்தான் வந்து இறங்கிய ஒன்றுக்குள் இடுப்புவரை புகுந்து, கதவை முதுகோடு இழுத்துச் சாத்திக்கொண்டு, மனதுக்குள் பாத்திஹா ஓதியபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார் அவர். பாதி ஓதுவதற்குள் கண் எரிந்தது. தலையை வெளியே எடுத்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

எதிரே தவராசா நின்றார். கப்பல்துறையில் இருந்து பட்டினத்துக்கு ஓட்டோ ஓடுகிறவர், கலீலை நானா என்று அழைப்பவர்.

"நானா, ஆர் வந்து சொன்னது?"

"என்னத்த?"

"பின்ன ஏன் அழுறியள்?"

"நான் எங்க அழுறன்? இது அலுமாரி. நேத்து வந்த சாமான். என்ன விசயம்?"

தவராசா சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "பாக்கியரத்தினம் ஐயா காலமை போட்டார். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதிரையில இருந்தவர். சீனி காணுமோ எண்டு நல்லம்மாக்கா குசினிக்குள்ள இருந்து கேட்டிருக்கிறா. பதில் இல்லை. வந்து பார்த்தா, கோப்பை கையில இருக்குது, ஒரு துளி சிந்தேல்லை."

கலீல் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். கிணற்றடியிலும் கண்ணீர் நிற்கவில்லை.

"பின்னேரமே எடுக்கினம்," என்றார் தவராசா, பின்னால் வந்து. "அக்கா சொல்லிப்போட்டா. நாளைக்கு வைக்கிற கதையே இல்லையாம். வாறியள் எண்டா இப்பவே ஏறுங்கோ."

*

திருகோணமலையில் பி.எச்.ஐ. பாக்கியரத்தினத்தைத் தெரியாத தேத்தண்ணிக் கடைக்காரர் இருந்ததில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, பி.எச்.ஐ. என்றாலே அப்பக் கடையில் அப்பத்துக்கு மூடி வந்துவிடும். அவருடைய பழைய மோட்டார்சைக்கிள் சந்தியில் திரும்பும்போது ஒரு இருமல் இருமும். அந்த இருமலுக்கே கிளாசுகள் சுடுதண்ணிக்குள் இறங்கிவிடும்.

பெரிய மூக்கு என்று சொல்ல முடியாது. சின்னச் சப்பை மூக்கு. ஆனால் அந்த மூக்குக்கு மீன் சந்தையே பயந்தது. மீன் நாறாமல் இருக்க இரகசியமாகப் போர்மலின் தெளிக்கிறவர்கள் அங்கே ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். பிணத்தைப் பழுதாகாமல் வைக்கிற மருந்து அது. பாக்கியரத்தினம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மீனுக்கும் வணக்கம் சொல்வதுபோலக் குனிவார். நிமிரும்போது தீர்ப்பு முகத்தில் எழுதியிருக்கும்.

"காணும் ஐயா கொஞ்சினது," என்பார் மீன்கார சின்னராசா. "பாரை வெக்கப்படுது."

"வெக்கப்படுற மீன் நல்ல மீன் சின்னராசா. நெஞ்சை நிமித்திக்கொண்டு கிடக்குதே அந்தச் சூரை, அதுதான் எனக்குச் சந்தேகம்."

வீட்டில் அந்த மூக்கோடு வாழ்ந்தது நல்லம்மா. பிள்ளை குட்டி இல்லாத வீடு. "கறி அடிப்பிடிச்சா மனிசனுக்குப் படலையிலேயே தெரிஞ்சிடும்," என்று அவர் கலீலின் மனைவி ஜெமீலாவிடம் சொல்லியிருக்கிறார். "ஏசினாலும் பரவாயில்லை. உள்ளுக்கு வந்து சிரிச்சுக்கொண்டு சாப்பிடுவார். அதைத்தான் பொறுக்கேலாது."

மரத் தளபாடத்துக்கும் இந்த மனிதருக்கும் ஒரு தொடர்பும் இருந்திருக்க நியாயமில்லை. கடல் வந்து அதை உண்டாக்கியது.

*

கடல் ஊருக்குள் வந்த அடுத்த ஆண்டு அது. சமாதானம் என்று பெயர் இருந்தது, வீதித்தடைகளும் இருந்தன. இறக்கக்கண்டியில் வீடிழந்த சனங்களுக்குத் தகரக் கொட்டில்களை வரிசையாக அடித்துக் கொடுத்திருந்தார்கள். கொட்டிலுக்கு ஓர் அலுமாரி கொடுப்பதென்று ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் முடிவு செய்து கலீலின் கடைக்கு ஓடர் கொடுத்தது. கடை தொடங்கிய நாளில் இருந்து அப்படி ஒரு ஓடர் அவர் கண்டதில்லை. அதை நம்பிப் பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்துவிட்டார். கொழும்பில் இருந்து சிப்போட் அலுமாரிகள் வந்தன. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அமுக்கிச் செய்த பலகை. மேலே தேக்கு நிறத்தில் ஒட்டிய தாள். பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

சாம்பல்தீவு வீதித்தடையில் லொறியை மறித்தார்கள். அந்தக் காலத்தில் எந்தப் பொருளும் கதவைத் திறந்து காட்டாமல் போகாது. இளம் சிப்பாய் ஒருவன் லொறியில் ஏறி, துண்டுப் பலகைகளுக்கு நடுவே மாதிரிக்கென்று பொருத்தி முடித்திருந்த சில அலுமாரிகளின் கதவை ஒவ்வொன்றாகத் திறந்து தலையை விட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். மிச்சத்தைத் திறக்காமலே இறங்கி, "ஹரி, யன்ன," என்று போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டான்.

"பாவம், பொடியனுக்கு வீட்டு நினைவு வந்திட்டுது," என்றார் லொறிச் சாரதி. கலீலும் அப்படித்தான் நினைத்தார்.

அலுமாரிகளைக் கொட்டில்களுக்குள் பொருத்திக் கொடுத்துவிட்டு வரும்போது அவர், குடிவரக் காத்திருந்த எல்லாருக்கும் ஒரு புத்திமதி சொன்னார். கல்யாண வீடுகளுக்கு அலுமாரி கொடுக்கும்போது வழமையாகச் சொல்வதுதான். "புது மணம் போகாம இறுக்கிப் பூட்டி வைங்க. ஒரு வருசத்துக்குப் புதுசு மாதிரியே இரிக்கும்." சனங்களும் கேட்டார்கள். உடுப்பைக் கீழே வைத்தார்கள். எலிக்குப் பயந்து நிவாரண அரிசியையும் மாவையும் மேல் தட்டில் வைத்தார்கள். யன்னல் என்று வெட்டியிருந்த ஓட்டையைச் சீலையால் மறைத்தார்கள். வெயில் தகரத்தை அடுப்பாக்கியது.

ஊர் அழத் தொடங்கியது.

முதலிலும் அழுத ஊர்தான். அந்த ஆண்டு இறக்கக்கண்டியில் யாராவது அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை. கண் சிவந்திருந்தால் மற்றவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். மனதை ஆற்றுவதற்கென்று பட்டினத்தில் இருந்து இரண்டு பெண்கள் வந்து, கொட்டில்களுக்குள் இருந்து கதைத்து, தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

*

பாக்கியரத்தினம் அங்கே போனது கிணறுகளுக்கு மருந்து போட. ஒரு கொட்டிலின் பின்புறம் நின்று அவர் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தபோது தகரத்துக்கு உள்ளே இருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"சேர், கிளினிக் சேரா நீங்க?"

"இல்லைத் தங்கச்சி, நான் கிணத்துச் சேர். என்ன வேணும்?"

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. மருந்து எடுத்தாச்சு. ஆசுபத்திரியில வைச்சிருந்தா நல்லா இரிக்கான், கொட்டிலுக்கு வந்தா திரும்ப இழுக்குது."

அவள் பெயர் மைமூனா. கணவரைக் கடல் கொண்டுபோனது. பள்ளிக்கூட முகாமில் தொடங்கிய இத்தாவை இந்தக் கொட்டிலில் தொடர்ந்துகொண்டிருந்தாள். கணவரை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பாள். அதனால் பேச்சு தகரத்தின் ஊடாகத்தான் நடந்தது. இரண்டு தகரம் சேருகிற இடத்தில் விரலளவு இடைவெளி. அதன் வழியாக வந்த காற்றைப் பாக்கியரத்தினத்தின் மூக்கு பிடித்துக்கொண்டது.

"தங்கச்சி, உள்ளுக்கு மீன் வைச்சிருக்கிறியளோ?"

"மீனா? இந்தக் கடல்ல மீன் எடுத்துத் திங்க ஆருக்கு மனசு வரும் சேர்?"

அதுவும் உண்மை. அந்த மாதங்களில் கரையில் யாரும் மீனைத் தொடவில்லை. ஆனால் போர்மலின் நெடி அடித்தது. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"குறை நினைக்காதேங்கோ, ஒண்டு கேட்கிறன். நீங்கள் கூட அழுறது எந்த நேரம்?"

"பகல்ல. தகரம் சுடக்குள்ள. தானா ஓடுது, சேர். நினைக்காட்டியும் ஓடுது."

"வெளியால போனா?"

"வெளியால எங்க போற? இருட்டினாப் பொறகு போத்திக்கொண்டு கிணத்தடிக்குப் போவன். அங்க போனா நிண்டிரும்."

பாக்கியரத்தினம் சப்பை மூக்கைத் தடவிக்கொண்டார். "கவலை கிணத்தடியில நிக்காது தங்கச்சி. அது கூடவே வரும். இது வேற சாமான். உள்ளுக்குப் புதுசா என்ன இருக்குது?"

"அலுமாரி ஒண்டுதான்."

*

கலீலும் பாக்கியரத்தினமும் முதல்முதல் சண்டையில்தான் அறிமுகமானார்கள்.

"நீங்க மீன் பார்க்கிற ஆள் சேர். நான் விக்கிறது அலுமாரி."

"உங்கட அலுமாரி மீனை விட மோசம் நானா. தலையை விட்டுப் பாருங்கோ."

"அது புது மணம்."

"புது மணம் இல்லை. பசையில இருக்கிற போர்மலின். சூடு பட்டாக் கிளம்பி வரும். பூட்டி வைச்சாச் சேர்ந்து நிக்கும். நீங்கள் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறியளாம்."

ஒன்று திரும்பி வந்தால் எல்லாம் திரும்பி வரும் என்பது கலீலுக்கு உடனே விளங்கியது. பக்கத்துக் கடைக்கு அடித்த புதுப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. "எத்தனையோ கல்யாணத்துக்குக் குடுத்திருக்கன்," என்றார். "ஒருத்தரும் சாகல்ல."

கணக்குப் பார்க்க உட்கார்ந்திருந்த ஜெமீலா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். "ரெண்டு ஆம்புளயும் கத்தாதீங்க. இத்தா இரிக்கிற அந்தப் பிள்ளட அறைக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் போக ஏலா. நான் போய்ப் பார்த்திட்டு வாறன்."

அன்றே போனார்கள். ஜெமீலா உள்ளே போய், மைமூனாவுடன் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. கணவரைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"அந்தப் பெட்டிய இப்பவே வெளியில எடுங்க. பிள்ளட நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி அடிக்குது."

கலீல் அதற்குப் பிறகு வாதாடவில்லை. ஆனால் அலுமாரி வாசலை விட அகலம். குடும்பங்கள் குடிவர முன்பே உள்ளே வைத்துப் பொருத்தியது. கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஆண்கள் உள்ளே போக முடியாது. மைமூனா கொஞ்ச நேரம் பக்கத்துக் கொட்டிலுக்குப் போய் இருக்கலாமே என்று கலீல் தகரத்துக்கு வெளியே நின்று கேட்டார்.

"வரமாட்டன் காக்கா," என்றாள் அவள், அண்ணன் முறை சொல்லி. "அவருக்கு நான் செய்றதுக்கு மிச்சமா இரிக்கிறது இது ஒண்டுதான்."

ஜெமீலா திருப்புளியை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார். கலீல் வெளியே நின்று தகரத்துக்குப் பாடம் நடத்தினார்.

"மேல் ஸ்குறூவ இடப்பக்கம் திருப்புங்க."

"என்ட இடமா, உங்கட இடமா?"

"இடம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"நீங்க அந்தப் பக்கம் நிக்கிறீங்க, நான் இந்தப் பக்கம் நிக்கிறன். எப்பிடி ஒண்டாகும்?"

"குழாய் திறக்கிற பக்கம் எண்டு சொல்லுங்கோ நானா," என்றார் பாக்கியரத்தினம்.

"இந்த முகாம்ல குழாய் எங்க சேர் இரிக்கு?"

உள்ளே இருந்து மைமூனாவின் குரல் வந்தது. "பால் போத்தில் மூடி மாதிரி ராத்தா. திறக்கிற பக்கம்."

ஸ்குறூ கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மூன்றாவதோடு முதுகுப் பலகை பெரிய சத்தத்துடன் விழுந்தது. வெளியே ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"என்ன நடந்த?" என்று கலீல் கத்தினார்.

"ஒண்டுமில்ல," என்றார் ஜெமீலா, மரணச் செய்தி சொல்கிற குரலில். "அலுமாரி மௌத்தாகிட்டு."

உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது. ஜெமீலாவின் சிரிப்பல்ல. வெளியே நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். பலகைகள் ஒவ்வொன்றாக வாசலால் வெளியே வந்தன.

சில நாள் கழித்து ஜெமீலா பிள்ளையைப் பார்க்கப் போனார். இழுப்பு நின்றிருந்தது. மைமூனா அழுதுகொண்டிருந்தாள். "இப்பதான் ராத்தா இது என்ட அழுகை," என்றாள்.

*

மற்றக் கொட்டில்களின் அலுமாரிகளை எடுப்பதற்குத் தொண்டு நிறுவனம் சம்மதிக்கவில்லை. ஒப்படைத்த பொருளைத் திருப்பி எடுக்கத் தங்கள் விதியில் இடமில்லை என்று அதன் அலுவலர் சொன்னார். பாக்கியரத்தினம் கொழும்பில் இருந்த நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தார். சில நாடுகளில் இப்படிப் பலகையில் இருந்து எவ்வளவு நெடி வரலாம் என்று அளவு வைத்திருக்கிறார்களாம். பலகையை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அளப்பார்களாம்.

"இஞ்ச?" என்று கேட்டார் இவர்.

"இஞ்ச உன்ர மூக்குத்தான்."

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் அந்த அலுவலரிடம் திரும்பிப் போனார். "அலுமாரியைப் பற்றி என்னட்டச் சட்டம் இல்லை. ஓம். ஆனா மாவைப் பற்றி இருக்குது. அரிசியும் மாவும் வைச்சிருக்கிற இடம் உணவு வைக்கத் தகாத இடம் எண்டு நான் எழுதினா, அது பூட்டின கடை மாதிரி. எழுதட்டோ?"

அலுவலர் நெடுநேரம் அவரைப் பார்த்தார். "இது அலுமாரி, மிஸ்டர் பாக்கியரத்தினம். தேத்தண்ணிக் கடை அல்ல."

"எனக்குத் தட்டு இருந்தாக் காணும்."

இப்படியாக இறக்கக்கண்டி அலுமாரிகள் எல்லாம் உணவுச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டன. கலீல் அவற்றுக்குப் பதிலாகத் தகர றங்குப்பெட்டிகள் கொடுத்தார். பக்கத்துக் கடையை விட்டுக்கொடுத்தார். அலுமாரிகள் லொறியில் திரும்பி வந்து முற்றத்தில் கதவைத் திறந்துகொண்டு நின்றன. வீதியால் போனவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன நானா, அலுமாரிக்கு வேர்க்குதோ?"

"பிள்ளை பெத்தவளுக்கும் நாற்பது, அலுமாரிக்கும் நாற்பது," என்றார் ஜெமீலா மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து. அவர் பகிடியாகச் சொன்னதைப் பாக்கியரத்தினம் சட்டமாக்கிவிட்டார். நாற்பது நாள் காற்றில் நிற்க வேண்டும். வெட்டு முனைகளுக்கு வார்னிஷ் பூச வேண்டும். மூன்று தரம் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே நின்று அவர் ஏழாம் வாய்பாடு சொல்வார், கலீல் பாத்திஹா ஓதுவார்; இருவரும் கண் எரியாமல் முடித்தால் அந்தத் தரம் சோதனையில் சித்தி, பாஸ். ஒவ்வொரு சித்திக்கும் கதவின் உட்பக்கத்தில் வெண்கட்டியால் அடையாளம்: முதலாவதற்கு மீனின் உடல், இரண்டாவதற்கு வால், மூன்றாவதற்குக் கண். கண் விழுந்த அலுமாரிதான் கடைக்குள் வரலாம்.

"எங்கட மார்க்கத்துல உயிருள்ளத வரையக் கூடாது சேர்," என்றார் கலீல்.

"இது கருவாடு நானா."

"கருவாட்டுக்கு எதுக்குக் கண்?"

"பின்ன, கருவாடு எண்டு தெரியிறது எப்பிடி? கண் இல்லாட்டிக் கத்தரிக்காய்."

உண்மையில் கண் இருந்தும் அது கத்தரிக்காய் மாதிரித்தான் இருக்கும். அவருக்கு வரைய வராது.

அடுத்த ஆண்டு சண்டை திரும்பவும் தொடங்கியது. மூதூர்ப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்ட நாளில் இருந்து பட்டினத்தில் பொழுது சாய முன்பே யன்னல்கள் பூட்டப்பட்டன. காற்றோட்டமாக வையுங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. "துவக்குக்குப் பயந்து சனம் யன்னலைப் பூட்டுது," என்று பாக்கியரத்தினம் மற்றத் தளபாடக் கடைக்காரர்களிடம் போய்ச் சொன்னார். "வீட்டில போய் நெடி போகும் எண்டு நினைக்காதேங்கோ. போறதுக்கு ஓட்டை இல்லை. உங்கட முற்றத்திலேயே போகட்டும்." அவர்கள் அதற்கு மூக்கு வரி என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் நேரே சொன்னார்: "சேர், உங்களுக்கு மணம் பிடிக்கேல்லை எண்டா மூக்கைப் பொத்துங்கோ."

அவர்களைத் திருத்தியது அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்த சோமசேகரத்தின் மருமகன். சோமசேகரம் மீன் அடையாளம் இல்லாத கடையில் இரட்டைக் கதவு அலுமாரி வாங்கி மகளின் கல்யாண அறையில் வைத்தார். இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்குக் கண் சிவந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் கூட. தாய்வீட்டை நினைத்து அழுகிறார் என்று மாமியார் கனகம்மா கோழி அடித்தார், இடியப்பம் அவித்தார், பலன் இல்லை. மகளுக்கும் கண் சிவந்தபோது வீட்டில் பெரும் குழப்பம். அந்தக் கிழமை டெங்கு நுளம்புப் பரிசோதனைக்கு வந்த பாக்கியரத்தினம் முற்றத்தில் நின்றே தலையை ஆட்டினார்.

"அம்மா, மாப்பிள்ளையை விடுங்கோ. அலுமாரியைத் தாய்வீட்டுக்கு அனுப்புங்கோ."

கதை சந்தை முழுக்கப் போனது. அதன் பிறகு பெண்ணைப் பெற்றவர்கள் கடைக்குள் வந்ததும் கதவைத் திறந்து மீனுக்குக் கண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மற்றக் கடைகளும் வெண்கட்டி வாங்கின. சுற்றிவளைப்பு நடந்த ஒரு நாள் இராணுவம் கலீலின் முற்றத்துக்குள் வந்து, எல்லாக் கதவும் ஏற்கெனவே திறந்திருப்பதைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் போய்விட்டது. "சட்டம் எல்லாருக்கும் வசதி," என்றார் பாக்கியரத்தினம்.

ஓய்வு பெற்ற பிறகும் கிழமைக்கு ஒருமுறை வருவார். மோட்டார்சைக்கிள் முன்னால் இருமும், ஜெமீலா தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பார்.

மைமூனாவுக்குக் கல்வீடு கிடைத்தது. தையல் வேலை செய்தாள். மகன் ஓதப் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். ஆனால் அந்த வீட்டில் அலுமாரி என்ற பேச்சை எடுக்க விடமாட்டாள். தைத்த துணி, தைக்காத துணி எல்லாம் கொடியில் கிடந்தன. ஒரு மழைக்குக் கூரை ஒழுகி வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாணச் சேலை நனைந்தபோதுதான் கடைக்கு வந்தாள். "சேர் மூண்டு தரமும் மணந்து பார்த்துக் கண் போட்டா எடுக்கிறன் காக்கா. இல்லாட்டிக் கொடியே போதும்."

அவளுக்கென்று ஒன்றைத் தனியாக நிறுத்தினார்கள். பாக்கியரத்தினம் உடலைப் போட்டார். சாவுக்கு முந்தின கிழமை வந்து வாலையும் போட்டார்.

"கண்ணையும் போட்டிட்டுப் போங்களன் சேர்," என்றார் கலீல். "மணமே இல்ல."

"நாற்பது முடியேல்லை நானா. சட்டம் சட்டம்தான்."

"ஆர்ட சட்டம்?"

"எங்கட ரெண்டு பேற்றையும்." வெண்கட்டித் துண்டை அலுமாரிக்கு மேலே வைத்தார். "கண் வாற கிழமை."

*

கப்பல்துறையில் பாக்கியரத்தினத்தின் வீட்டில் யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நல்லம்மா தலைமாட்டில் இருந்தார். அழுது ஓய்ந்த குரலில், கேட்கிற எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வைக்கிறதெண்டா உந்தப் போர்மலின் ஏத்தோணும். மனிசன் சீவியம் முழுக்க அதோட சண்டை பிடிச்சவர். ஒரு நாளைக்கும் அவருக்கு அது வேண்டாம்."

"அண்டைக்கே எடுக்கிற எங்கட வழக்கம் மாதிரிதான் அக்கா," என்றார் கலீல்.

"ஓம் நானா. உங்களோட சேர்ந்து பழகிட்டார்."

சவப்பெட்டி பக்கத்தில் இருந்தது. கலீல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் மேல் குனிந்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். மரியாதை செய்கிறார் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். நல்லம்மாவுக்கு மட்டும் விளங்கியது.

"என்ன மாதிரி?" என்று மெல்லக் கேட்டார்.

"அசல் மரம் அக்கா. நல்ல மரம்."

நல்லம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

நாற்பது முடிந்த அன்று மைமூனா கடைக்கு வந்தாள். கலீல் அவளுக்கு முன்னாலேயே அலுமாரிக்குள் தலையை விட்டு, கதவைச் சாத்தி, பாத்திஹாவை முழுவதும் ஓதி முடித்தார். பிறகு, தனக்கு வராத ஏழாம் வாய்பாட்டையும் தட்டித் தடவிச் சொல்லி முடித்தார். தலையை வெளியே எடுத்தபோது கண் காய்ந்திருந்தது.

"போடுங்களன் காக்கா," என்றாள் மைமூனா.

"வாற கிழமை," என்றார் கலீல்.

அவள் மறு கிழமையும் வந்தாள், அதற்கு அடுத்த கிழமையும் வந்தாள். வரும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்ப்பாள். பிறகு ஜெமீலாவிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். அலுமாரி முற்றத்தில்தான் நிற்கிறது. வெண்கட்டித் துண்டு அதன் மேலேயே இருக்கிறது. மீனுக்கு உடலும் வாலும் உண்டு. கண் இன்னும் போடவில்லை.